காணாமல் போன வெள்ளை விசிறிகள்

காலை 11.20.

பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. ஒப்பனை அறையின் கதவுப் பூட்டில் ஒரு கீறல் இல்லை. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. ஹெஸ்டர் கிளெக் மூடியைத் தூக்கினாள். உள்ளே பழைய தலையணை உறை மட்டும் கிடந்தது. அதற்குள் மடக்கி வைத்திருந்த இரண்டு விசிறிகளும் இல்லை.

மூடியைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள். அப்படித் திறந்தால் வந்துவிடும் என்பதுபோல.

இன்னும் நான்கு மணி நேரத்துக்குள் மேடையேற வேண்டும். பிளாக்பூல் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தச் சின்ன அரங்கத்தில், குளிர்கால சனிக்கிழமைகளில் மதியம் மூன்று மணிக்கு 'உப்புக்காற்று' குழுவின் பர்லெஸ்க் ஆட்டம் நடக்கும். கிண்டலும் மினுக்குமாக, ஒவ்வொரு துணியாகக் கழற்றிக்கொண்டே ஆடுகிற ஆட்டம். நான்கு பெண்கள். நால்வரில் ஹெஸ்டரின் தனி ஆட்டம்தான் கடைசி. உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி இரண்டு பெரிய வெள்ளை இறகு விசிறிகளை மாற்றி மாற்றி வீசி ஆடுவாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்த கைதட்டல் எல்லாம் அந்த விசிறிகளால் வந்தது.

புதிதாக வாங்க அவளுக்கு வசதி கிடையாது. வார நாட்களில் சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை. ஒரு கோட்டை மேசையில் விரித்தால், அதைப் போட்டிருந்தவர் எங்கே சாப்பிட்டார், யார் தோளில் சாய்ந்து அழுதார் என்று சொல்லிவிடுவாள். விசிறிகளை அவளே இரண்டு வருஷம் எடுத்துச் செய்தாள். தானமாக வந்த பழைய பொருள்களை விற்கிற தர்மக் கடைகளிலும், கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் இறகு இறகாகப் பொறுக்கினாள். ஒரு கல்யாணத் தொப்பியிலிருந்து மூன்று. கிழிந்த கழுத்துப் பட்டை ஒன்றிலிருந்து ஒன்பது. இறந்துபோன மேஜிக் வித்தைக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது பதினாறு. இப்படி ஐம்பத்துமூன்று சேர்ந்தன. நாற்பத்தெட்டு இறகுகளின் தண்டிலும் சூடான ஊசியால் துளை போட்டு, மெல்லிய கம்பி கோத்து, மூங்கில் சட்டத்தில் இறுக்கிக் கட்டினாள். மிஞ்சிய ஐந்தைக் குழுத் தலைவி கோரல் என்ட்விசில் தன் தொப்பிக்குக் கேட்டாள். கொடுத்துவிட்டாள்.

கோரலுக்கு இல்லாமல் வேறு யாருக்குக் கொடுப்பாள்? இருபது வருஷச் சிநேகிதி. ஹெஸ்டரின் புருஷன் விட்டுப்போன வாரம் அவளைக் கைப்பிடித்து இழுத்து வந்து மேடையில் நிறுத்தியவள்.

இன்றைய ஆட்டத்துக்குக் கடல் தாண்டி, ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து ஓர் அரங்க முதலாளியம்மா வருகிறாள், குழுவைப் பார்க்க. அதுவரைதான் எல்லாருக்கும் தெரியும்.

11.30.

சத்தம் கேட்டு முதலில் வந்தவள் லோர்னா பை. தர்மக் கடை மேலாளர், குழுவில் மூன்றாமவள். கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு ஹெஸ்டரோடுதான் வந்திருந்தாள். பின்னாலேயே டாம்சின் ஓடி, மூச்சிரைக்க வந்தாள். இருபத்துநான்கு வயது, டிராமில் நடத்துநர் வேலை. மூன்று மாதம் முன்பு ஹெஸ்டர்தான் அவளைக் குழுவில் சேர்த்திருந்தாள்.

கடைசியாக, முகம் சிவக்க, குளிரைத் தோளில் சுமந்துகொண்டு கோரல் வந்தாள். கையில் முழங்கைக்கு மேல் வரும் சாட்டின் கையுறை ஜோடி ஒன்று, ஊதா நிறத்தில்.

"என்னடீ, எல்லாம் இழவு வீடு மாதிரி நிக்கறீங்க? இதப் பாருங்க, லோர்னாவோட க்ளெவ்லிஸ் கிளைக்கடையில பொறுக்கினேன். பத்து மணியிலேர்ந்து அங்கதான் அலசிக்கிட்டிருந்தேன். ஆறு பவுண்டு போட்டிருந்தது, மூணுக்கு முடிச்சேன்!"

கையுறையின் விரல் நுனியில் நீல அட்டை ஒன்று நூலில் ஆடியது. யாரும் சிரிக்கவில்லை.

"விசிறியைக் காணோம்," என்றாள் ஹெஸ்டர்.

கோரல் கையுறைகளை மேசையில் போட்டாள். ஹெஸ்டரைக் கட்டிக்கொண்டாள். இரண்டு நிமிஷம் விடவே இல்லை.

11.40.

வாசல் காவலர் வில்ஃப் சாவிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நேற்று மாலை ஆறு மணிக்கு ஹெஸ்டர் பூட்டிச் சாவியை ஒப்படைத்திருக்கிறாள். இன்று காலை 9.40க்கு வாங்கி 9.55க்குத் திருப்பிக் கொடுத்தது டாம்சின். அப்புறம் 11.18க்கு ஹெஸ்டர். வேறு பெயரே இல்லை.

"என் பையையும் செருப்பையும் வச்சிட்டுப் போக வந்தேன்," என்றாள் டாம்சின். "பெட்டியைத் திறந்துகூடப் பாக்கல."

"யாரும் உன்னச் சொல்லல கண்ணு," என்றாள் கோரல். குரல் வெண்ணெயாக இருந்தது. "ஆனா பேச்சு வந்துடுச்சு. எல்லார் பையையும் பாத்துடலாம். முதல்ல என்னுது."

கோரலின் பையில் ஒன்றுமில்லை. லோர்னாவினுடையதில் ரொட்டித் துண்டு. டாம்சினின் பை அறை மூலையிலேயே இருந்தது. கோரல் அதைக் கவிழ்த்தாள். துண்டு, சீப்பு, ஒட்டு இமை டப்பா, அவற்றின் மேல் மெதுவாக ஓர் இறகு இறங்கியது. வெள்ளை நெருப்புக்கோழி இறகு.

"இது எப்படி வந்ததுன்னே எனக்குத் தெரியாது!"

"மத்தது எங்க?" என்றாள் லோர்னா.

"தெரியாதுங்கறேன்ல!"

ஹெஸ்டர் இறகை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். "உன்ன நான் கூட்டிட்டு வந்தேன். என் கைப்பிடிச்சு மேடையேத்தினவ செஞ்ச மாதிரி உனக்குச் செய்யணும்னு நெனச்சேன்."

"ஹெஸ்டர், என்னப் பாருங்க."

"போ."

"ஒரே ஒரு தடவ கேளுங்க. 'நீ எடுத்தியா'ன்னு."

"போன்னு சொன்னேன்."

டாம்சின் சீப்பையும் துண்டையும் பொறுக்கிப் பையில் போட்டாள். கதவருகே நின்று திரும்பினாள். "இவங்கள்லாம் தேடினது எனக்குப் பெருசில்ல. நீங்க கேக்கவே இல்ல பாருங்க." போய்விட்டாள்.

12.25.

அலை சுவரில் மோதிச் சாலைவரை தெறித்தது. ஹெஸ்டர் கடலோரக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனம் ஆறவில்லை. காலையில் அந்தப் பெண் எவ்வளவு சாதாரணமாக இருந்தாள்! பத்தேகாலுக்கு லோர்னாவின் கடையில் சந்தித்தார்கள். டாம்சின் துணி தொங்கும் கம்பி ஒன்று விடாமல் அலசினாள்.

"போன வாரம் பாத்த ஜரிகைப் பாவாடை எங்க லோர்னா? நீல அட்டை போட்டிருந்ததே?"

"நேத்து சாயந்திரம் லாரியில போயாச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு வாரம்தான் பாதி விலை. வெள்ளிக்கிழமைக்குள்ள விக்கலன்னா கந்தல் லாரி வந்து எங்க ரெண்டு கடையிலயும் அள்ளிட்டுப் போயிடும். இன்னிக்கு மஞ்சள் ஆரம்பம். மஞ்சளப் பாரு."

டாம்சின் அடுத்த நிமிஷமே பழைய பேண்டு வாத்தியக்காரர் சட்டை ஒன்றை மஞ்சள் அட்டையோடு உருவினாள். "பொத்தானைப் பாருங்க ஹெஸ்டர்! பன்னெண்டும் பித்தளை! இதக் கழட்டறதுக்கே ஒரு பாட்டு முழுக்க ஆகும்!" என்று கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். பதினொன்று பத்துக்கு மூவரும் அரங்கத்துக்குக் கிளம்பும்போது, மாவுரொட்டி வாங்க அவள் மட்டும் பின்தங்கினாள்.

திருடிவிட்டு வந்த பெண்ணா அப்படிச் சிரித்தாள்?

ஹெஸ்டர் பையிலிருந்து இறகை எடுத்தாள். பழக்கம், கை தானாகத் தண்டின் அடிவரை தடவியது. நின்றது. மறுபடி தடவியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

தண்டு வழவழவென்று முழுசாக இருந்தது. துளை இல்லை.

சலவைக் கடையில் எத்தனையோ பேருக்கு அவள் சொன்னதுண்டு, கறையைப் பார்த்ததும் தேய்க்காதீர்கள், முதலில் என்ன கறை என்று பாருங்கள் என்று. இன்று அவளே பார்க்காமல் தேய்த்துவிட்டாள். 'போ' என்று சொன்னது நெஞ்சில் வந்து குத்தியது.

இந்த இறகு விசிறியில் ஒருநாளும் இருந்ததில்லை. உதிரி இறகுகள் மொத்தம் ஐந்து. ஐந்தும் போன இடம் ஒன்றுதான்.

அவள் அதை நினைக்க விரும்பவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

12.50.

வில்ஃப் வாசலில் குதிரைப் பந்தயப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"காலையில பத்துலேர்ந்து பதினொன்னேகால் வரைக்கும் இந்த நாற்காலியிலதான் இருந்தீங்களா?"

"இருந்தேன் அம்மணி."

"எழுந்திருக்கவே இல்லையா?"

"பீர் பீப்பாய் வந்தது. பின்வாசலுக்குப் போனேன்."

"எத்தன மணிக்கு?"

"பத்தரை. சனிக்கிழமைன்னா பத்தரைதான்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் ஆகும். உருட்டி உள்ள வைக்கணுமே."

"சாவி?"

வில்ஃப் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சாவிகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. அவர் முகம் மாறியது.

"பீப்பாய் வர்ற நேரம் டாம்சினுக்குத் தெரியுமா?"

"அந்தப் பொண்ணு சனிக்கிழமை காலையில இங்க வந்ததே இன்னிக்குத்தான். அவ டிராம் வேலைக்குப் போய் மத்தியானம்தான் வருவா. பழைய ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

பத்தரை மணிக்கு டாம்சின் ஹெஸ்டரின் கண் முன்னால் பித்தளைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தாள். லோர்னா கல்லாவில் இருந்தாள்.

ஹெஸ்டர் மாடியேறினாள். அறையில் யாருமில்லை. ஆணியில் கோரலின் தொப்பி. எண்ணினாள். நான்கு இறகுகள். ஐந்தாவது இருந்த இடத்தில் அறுந்த நூல். மேசையில் ஊதாக் கையுறைகள் போட்டபடியே கிடந்தன. அவற்றை எடுத்து விரல் நுனியைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

1.20.

டாம்சின் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் வாசலில் காகிதத்தில் சுற்றிய உருளைக்கிழங்கு வறுவலைத் தின்னாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெஸ்டரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"நீ எடுத்தியா?" என்றாள் ஹெஸ்டர்.

"இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"கேட்டிருக்கணும்."

"எடுக்கல."

"தெரியும். யார் எடுத்ததுன்னும் தெரியும். நீ இல்லாம அத நான் அங்க சொல்ல மாட்டேன். உன் பேரக் கெடுத்த அறையிலயே சொல்லணும்."

டாம்சின் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஹெஸ்டரின் கண்கள் வீங்கியிருந்தன. வறுவலை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

1.45.

அறையில் ஐந்து பேர். வில்ஃப் கதவை மறித்து நின்றார். டாம்சினைப் பார்த்ததும் கோரல் பெருமூச்சு விட்டாள். "இவள எதுக்குடீ மறுபடி கூட்டிட்டு வந்த? உனக்கு ரொம்ப இளகின மனசு."

"ஆமா," என்றாள் ஹெஸ்டர். "இந்த இறகப் பாரு. தண்டுல துளை இல்ல. என் விசிறியில இருக்கற நாப்பத்தெட்டுலயும் துளை இருக்கு. இது உதிரி. உதிரி அஞ்சும் உன் தொப்பியில இருந்தது. இப்ப நாலு இருக்கு."

"தொப்பி இங்கதானே தொங்குது? இவ பிச்சிருப்பா."

"கையில நாப்பத்தெட்டு இறகு வச்சிருக்கறவ, அஞ்சு பைசாவுக்குப் பெறாத இன்னொண்ணப் பிச்சுத் தன் பையிலயே, எல்லாத்துக்கும் மேல போட்டு வச்சிட்டுப் போவாளா? கண்டுபிடிக்கணும்னு வேற யாரோ வச்சது அது. விசிறியிலேர்ந்து ஒண்ண உருவத்தான் முதல்ல பாத்திருப்பாங்க. வந்திருக்காது. நான் அவ்வளவு கெட்டியா கட்டியிருந்தேன்."

லோர்னா மெல்லக் கோரலைப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் என்னப் பாக்கறீங்க?" என்றாள் கோரல். "நான் பத்து மணியிலேர்ந்து க்ளெவ்லிஸ் கடையில இருந்தேன். வாங்கின பொருள் கண்ணு முன்னாடி கெடக்கு."

ஹெஸ்டர் கையுறையைத் தூக்கி லோர்னாவிடம் நீட்டினாள்.

"லோர்னா, இது உங்க கடை அட்டைதானே?"

"எங்களுதுதான்."

"என்ன நிறம்?"

"நீலம்." சொல்லிவிட்டு லோர்னாவே நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது. "நீலம் நேத்தே போயிடுச்சே. க்ளெவ்லிஸ்ல நானே நின்னு ஏத்திவிட்டேன். இன்னிக்கு ரெண்டு கடையிலயும் ஒரு நீல அட்டை கெடையாது கோரல்."

"ஏதாவது ஒண்ணு விட்டுப்போயிருக்கும்."

"விட்டுப்போயிருந்தாலும் இன்னிக்குப் பாதி விலை மஞ்சளுக்குத்தான். மூணு பவுண்டுக்கு யாரும் குடுத்திருக்க மாட்டாங்க."

"போன வாரம் வாங்கி ஒளிச்சு வச்சிருந்த," என்றாள் ஹெஸ்டர். "இன்னிக்கு எங்கயோ இருந்தேன்னு காட்ட ஒரு பொருள் வேணும். பத்தரைக்கு வில்ஃப் பீப்பாய் உருட்டப் போவார்னு இந்த அரங்கத்துக்கு வந்த பதினோரு வருஷமா உனக்குத் தெரியும். சாவிய எடுத்த, வேலைய முடிச்ச, மாட்டின. எங்கூட நூறு சனிக்கிழமை இந்தக் கடைகள்ல சுத்தியிருக்க கோரல். அட்டை நிறம் பாக்காம ஒரு கைக்குட்டைகூட எடுக்க மாட்ட. இன்னிக்கு நிறத்தப் பாக்கல. நீ பொருள் வாங்கப் போகவே இல்ல."

கோரல் கையுறையில் ஆடிய நீல அட்டையைப் பார்த்தாள். வெளியே கடற்பறவை ஒன்று கூரையில் நடக்கும் சத்தம் கேட்டது.

"விசிறி எங்க?"

"பின்னால, கார் நிறுத்தற இடத்துல. பழைய துணி போடற இரும்புப் பெட்டிக்குள்ள."

"அது செவ்வாய்க்கிழமைதான் திறப்பாங்க," என்றார் வில்ஃப். "போட்டா எடுக்க முடியாது. உள்ள சரிவு."

"எதுக்குடீ?" என்றாள் ஹெஸ்டர். அதட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

கோரல் தன் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பு நைந்திருந்தது, பல தடவை பிரித்துப் படித்த தாள். ஆன்ட்வெர்ப் அம்மா மூன்று வாரம் முன்பே எழுதியிருந்தாள். குழு வேண்டாம், வெள்ளை விசிறிப் பெண் ஒருத்தி போதும், நான்கு மாதம், நேரில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

"பேரு கூட எழுதல பாரு," என்றாள் கோரல். "வெள்ளை விசிறிப் பெண். விசிறி இல்லன்னா நீயும் எங்கள மாதிரி ஒருத்திதான்னு நெனச்சேன். இந்தக் குழுவ நான் ஆரம்பிச்சேன் ஹெஸ்டர். உன்ன நான் மேடையேத்தினேன். நீ போயிடுவ."

"கேட்டிருந்தா நானே போகலன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல. எனக்காக விட்டுக்குடுத்தவ முகத்த நான் தெனம் பாத்துக்கிட்டிருக்கணுமா?"

"அப்ப இந்தப் பொண்ணு முகம்?"

கோரல் டாம்சினைப் பார்க்கவில்லை. "அவ சின்னவ. வேற எடம் கெடைக்கும்."

"காலையில என்னக் கட்டிப் பிடிச்சியே," என்றாள் ஹெஸ்டர். "விசிறி போனத நான் தாங்கிப்பேன். ரெண்டு நிமிஷம் கட்டிப் பிடிச்சிருந்தியே, அத எப்படிடீ செஞ்ச?"

கோரல் கோட்டை மாட்டினாள். வில்ஃப் வழிவிட்டார். படிகளில் அவள் குதிகால் சத்தம் இறங்கி, வாசலைத் தாண்டி, நின்றது. ஒருவேளை கூப்பிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. யாரும் கூப்பிடவில்லை.

2.40.

லோர்னா கீழே நிகழ்ச்சி வரிசையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அரங்கம் நிரம்பும் இரைச்சல் தரைவழியாக வந்தது. ஹெஸ்டர் கண்ணாடி முன் நின்றாள். இடுப்புக் கச்சையின் நாடாக்கள் முதுகில் தளர்ந்து தொங்கின. அவற்றைத் தன் கையால் இறுக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. பின்னால் ஒருத்தி நிற்க வேண்டும். இருபது வருஷமாக நின்றது கோரல். கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தாள். விரல் நாடாவைத் தொட்டது, பிடிக்கவில்லை. மறுபடி முயன்றாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்தது பொங்கிவிட்டது. மை கரைந்து கன்னத்தில் வழிந்தது.

யாரோ நாடாவைப் பிடித்து இழுத்தார்கள்.

"அசையாம நில்லுங்க," என்றாள் டாம்சின்.

"உன்ன நான்..."

"பேசாதீங்க. நான் இன்னும் மன்னிக்கல."

"தெரியும்."

"மன்னிப்பேன்னும் சொல்லல."

"சரி."

டாம்சின் முழங்காலை நாற்காலியில் ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணியாக, மேலிருந்து கீழே, இரக்கமில்லாமல் இறுக்கினாள். ஒரு தடவை ஹெஸ்டருக்கு வலித்தது, சொல்லவில்லை.

"கையில என்ன எடுத்துட்டுப் போறீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லாமயா? எல்லாத்தயும் எத வச்சு மறைப்பீங்க?"

"கைய வச்சுதான். ரெண்டு இருக்கே."

கீழே மணி அடித்தது. டாம்சின் நாடாவின் இரு முனைகளையும் முஷ்டியில் சுற்றிக்கொண்டாள்.

"மூச்ச உள்ள இழுங்க," என்றாள். "இன்னும்."